இற்செறிப்பும் ஊரடங்கும்: பெருந்தொற்றுக் காலத் தமிழ் இல்லங்களில் உவகையும் விளையாட்டும்

ஆய்வுச் சுருக்கம்

2020ஆம் ஆண்டின் கொரோனாப் பெருந்தொற்று ஊரடங்கில் தமிழகக் குடும்பங்கள் வீட்டுக்குள் மனமகிழ்ச்சியை எவ்வாறு பேணிக்கொண்டன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் உவகையின் நிலைக்களன்களும் அகப்பாடல்கள் காட்டும் இற்செறிப்பும் இதற்குரிய அளவுகோல்களாகக் கொள்ளப்படுகின்றன. ஊரடங்கில் வீடுகளுக்குக் கைகொடுத்த விளையாட்டுகள் பெரும்பாலும் முன்னரே வீட்டுக்குள் அடைபட்டிருந்தோர், குறிப்பாகப் பெண்கள், காத்துவந்தவை. அம்மகிழ்ச்சிக்கான உழைப்பும் அவர்கள்மீதே விழுந்தது. இவ்விரண்டும் கட்டுரையின் கருதுகோள்கள்.

திறவுச்சொற்கள்: ஊரடங்கு, உவகை, இற்செறிப்பு, பல்லாங்குழி, தாயம், ஆடிப்பெருக்கு, இல்லப்பணி.

முன்னுரை

2020 மார்ச் 22ஆம் நாள் மக்கள் ஊரடங்கு கடைப்பிடிக்கப்பட்டது. அன்று மாலை ஐந்து மணிக்குத் தட்டும் கரண்டியும் ஏந்தி மக்கள் வாசலிலும் மாடியிலும் நின்று ஒலியெழுப்பினர். இரண்டு நாள் கழித்து மார்ச் 24 மாலை 6 மணி முதல் தமிழகத்தில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. அன்றிரவே 21 நாள் நாடுதழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் 14இல் முடிய வேண்டியது மே 3 வரையும், பின்னர் மே 17 வரையும், மீண்டும் மே 31 வரையும் நீண்டது. சென்னையிலும் அதை ஒட்டிய மாவட்டங்களிலும் தளர்வுகளுக்குப் பின்னர் ஜூன் 19 முதல் 30 வரை மறுபடியும் முழு ஊரடங்கு வந்தது. இருபத்தொரு நாள் என்று மனத்தை ஆயத்தம் செய்துகொண்ட குடும்பங்கள் மாதக்கணக்கில் ஒரே கூரையின்கீழ் வாழ நேர்ந்தது.

அக்காலத்தில் நலவாழ்வுத் துறையினரும் மனநல மருத்துவர்களும் ஓயாது கூறிய அறிவுரை, மனத்தை மகிழ்ச்சியாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதாகும். செய்திகளை அளவோடு பாருங்கள், நாளை ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள், பாட்டுக் கேளுங்கள், உறவினரோடு தொலைபேசியில் பேசுங்கள் என்றெல்லாம் விளக்கினர். இவை நல்ல அறிவுரைகளே. ஆயினும் மகிழ்ச்சி என்பது ஒருவர் மனத்துக்குள் முடிவெடுத்துக்கொள்ளும் செயலன்று. அதற்கு இடம், பொருள், துணை, ஓய்வு ஆகியவை வேண்டும். மகிழ்ச்சி எவற்றைப் பற்றி நிற்கிறது என்பதைத் தமிழ் இலக்கண மரபு தெளிவாகவே எண்ணிப் பார்த்திருக்கிறது.

உவகையின் நிலைக்களன்கள்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் நந்நான்கு நிலைக்களன்களில் தோன்றும் என்கிறார். அவற்றுள் உவகைக்கு உரியனவாக அவர் சுட்டுபவை செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்பன. புலன் என்பதைக் கல்வியால் வரும் அறிவு எனக் கொள்ளும் உரைமரபு உண்டு. துன்பம் நீங்கிய நிலையிலேயே உவகை தோன்றும் என்னும் குறிப்பும் அந்நூற்பாவிலேயே அமைந்துள்ளது.

இந்நான்கையும் 2020ஆம் ஆண்டின் வீட்டுக்குள் வைத்துப் பார்த்தால் ஊரடங்கு எதைத் தொட்டது என்பது விளங்கும். அன்றாடக் கூலியை நம்பிய வீடுகளில் செல்வம் முதல் வாரத்திலேயே அற்றது. தமிழக அரசு அரிசி அட்டைதாரர்களுக்கு 1000 ரூபாயும் விலையில்லா அரிசி, சர்க்கரை, பருப்பு, எண்ணெயும் வழங்கியதும், அதற்காக நாளும் நேரமும் குறித்த டோக்கன்கள் வீடு தேடி வந்ததும் அந்நிலையின் சான்று. புலனுக்குரிய பள்ளிகள் மூடப்பட்டன. புணர்வு என்பதைக் கூடி வாழும் இன்பம் என விரித்துக்கொண்டால், வெளியூரில் சிக்கியவர்களுக்கு அது இல்லாமற்போயிற்று. வீட்டில் இருந்தவர்களுக்கோ அளவுக்கு மிஞ்சிக் கிடைத்தது. நான்காவதாகிய விளையாட்டே, பொருட்செலவும் வெளியார் துணையும் இன்றி வீட்டார் தாமே ஆக்கிக்கொள்ளக் கூடியதாக எஞ்சி நின்றது. தாயக்கட்டையும் பல்லாங்குழியும் பரணிலிருந்து இறங்கியதைப் பழைமைப் பற்று என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. எஞ்சியிருந்த ஒரே நிலைக்களனைக் குடும்பங்கள் தேடிச் சென்றன என்று கொள்வதே பொருந்தும்.

ஊர் கடந்த விளையாட்டு

இவ்விடத்தில் ஒரு முரண் எழுகிறது. தமிழ் மரபில் இல்லறத்தார்க்கு உரியதாகச் சொல்லப்பட்ட விளையாட்டு வீட்டுக்குள் ஆடுவதன்று. தலைவனும் தலைவியும் ஊரெல்லையைக் கடந்து சென்று ஆற்றிலும் குளத்திலும் சோலையிலும் ஆடி மகிழ்தல் உரியது எனக் கற்பியல் கூறுகிறது. பரிபாடலின் வையைப் பாடல்கள் புதுவெள்ளத்தில் மதுரையே திரண்டு நீராடுவதைக் காட்டுகின்றன. சிலப்பதிகாரத்தில் புகார் மாந்தர் இந்திரவிழா முடிந்து கடலாடச் செல்கின்றனர். மகிழ்வதற்கு வெளியே போதல் வேண்டும் என்பது இம்மரபின் அடிப்படை.

அம்மரபின் இன்றைய வடிவங்கள் ஒவ்வொன்றும் ஊரடங்கில் நின்றன. 2020 சித்திரைத் திருவிழாவில் மதுரை மீனாட்சி திருக்கல்யாணம் மே 4 அன்று சிலரே உடனிருக்கக் கோயிலுக்குள் நடைபெற்று நேரலையாக ஒளிபரப்பானது. அழகர் வைகையில் இறங்கும் நிகழ்வு நடைபெறவில்லை. திருக்கல்யாண வேளையில் தாலிக்கயிற்றை மாற்றிக்கொள்ளும் பெண்கள் அவ்வாண்டு அதனைத் தத்தம் வீட்டில், தொலைக்காட்சியின் முன்னமர்ந்து செய்தனர்.

ஆடிப்பெருக்கு இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு. அவ்வாண்டு மேட்டூர் அணை உரிய நாளாகிய ஜூன் 12ஆம் நாளிலேயே பாசனத்துக்குத் திறக்கப்பட்டது. காவிரியில் நீர் வந்தது. ஆனால் ஆடிப் பதினெட்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. அம்மாதத்து ஞாயிறுகள் அனைத்தும் தளர்வற்ற முழு ஊரடங்கு நாள்கள். திருச்சிராப்பள்ளி அம்மா மண்டபம் முதலிய படித்துறைகளில் மக்கள் கூடவில்லை. புதுமணத் தம்பதியர் ஆற்றங்கரையில் மஞ்சள் சரடு மாற்றுவதும், புளியோதரை, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு எனக் கட்டி எடுத்துச் சென்று கரையில் உண்பதும் அந்நாளின் இன்பம். அவ்வாண்டு குடத்து நீரையும் கிணற்றடியையும் காவிரியாகக் கொண்டு வழிபட்டனர். சித்திரான்னம் சமைக்கப்பட்டது, உண்டது கூடத்தில். கற்பியல் கூறும் ஆறு, குளம், சோலை என்னும் மூன்றும் ஒரு குடத்துக்குள் சுருங்கின. 2021 காணும் பொங்கலுக்குச் சென்னைக் கடற்கரையில் பொதுமக்களுக்குத் தடை விதிக்கப்பட்டதையும் இவ்வரிசையில் சேர்க்கலாம்.

இற்செறிப்பு

வெளியே சென்று மகிழும் மரபுக்கு மறுபுறத்தில் வீட்டுக்குள் நிறுத்தி வைக்கப்பட்டோரின் வரலாறு ஒன்றும் தமிழில் உண்டு. தலைவியின் காதலை ஐயுற்ற தாய் அவளை வெளியே விடாது வீட்டில் காவல் வைப்பதை அக இலக்கணம் இற்செறிப்பு என்கிறது. தலைவன் காண வர இயலாது என்பது அதன் ஒரு விளைவு. தோழியரோடு ஓரையாடுவது நின்றுபோவது மற்றொரு விளைவு. பின்னதை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. நற்றிணையின் 68ஆம் பாடலில் தோழி, ஆடும் பருவத்துப் பெண்களை ஆட்டம் நிறுத்தி வீட்டுக்குள் அடைத்தல் அறத்துக்கும் ஒவ்வாது, அதனால் வீட்டின் வளமும் குன்றும் என்னும் கருத்தைத் தாயிடம் எடுத்துரைக்க வல்லார் உண்டோ என வினவுகிறாள். ஆடாமல் அடைபட்டிருப்பதை நலக்கேடாகக் கருதிய குரல் அது.

இற்செறிப்பையும் ஊரடங்கையும் ஒன்றெனக் கூறுதல் பிழை. முன்னது பெண்ணின் விருப்பத்தைத் தடுக்கக் குடும்பம் இட்ட காவல். பின்னது அனைவரின் உயிரையும் காக்க அரசு இட்ட ஆணை. எனினும் அடைபட்டவரின் அன்றாடம் இரண்டிலும் ஒத்திருக்கிறது: நாள்கள் ஒன்றுபோல் நகரும், வெளியுலகச் செய்தி பிறர் வாயிலாகவே வரும், பொழுதைத் தானே கழித்தாக வேண்டும். இந்த அன்றாடம் 2020இல் ஆண்களுக்குப் புதியதாக இருந்தது. பூப்பெய்திய நாள்களில் தனியிடத்தில் அமர்த்தப்பட்டவர், கருவுற்ற மாதங்களில் வெளியே அனுப்பப்படாதவர், கணவனை இழந்தபின் வாசலுக்கு வரக் கூசியவர், முதுமையால் திண்ணையோடு நின்றவர் ஆகியோருக்கு அது பழகியதே. தேநீர்க் கடைக்குப் போக இயலாத ஒரு வாரத்தை ஆண்கள் பேரிழப்பாகப் பேசியதைக் கேட்ட வீட்டுப் பெண்கள் பலர் உள்ளூரச் சிரித்திருக்கக் கூடும்.

அடைபட்டோரின் ஆட்டங்கள்

பல்லாங்குழியை எடுத்துக்கொள்வோம். பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்து முத்து என்பது பரவலான கணக்கு. ஊருக்கு ஏற்ப இது மாறும். சோழி, புளியங்கொட்டை, மஞ்சாடி விதை ஆகியவை முத்துகள். ஆடுபவர் தம் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளிக் குழிக்கு ஒன்றாக இட்டுச் செல்வார். கைம்முத்து தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர்வார். அடுத்த குழி வெறுமையாயின் அதைத் துடைத்து, அதற்கடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை எதிரிக்கு விடுவார். ஒரு குழியில் நான்கு முத்து சேர்ந்தால் அது பசு. குழிக்குரியவர் அதை எடுத்துக்கொள்வார். ஒரு சுற்று முடிந்ததும் கையிலுள்ள முத்துகளைக் கொண்டு தம் குழிகளை நிரப்ப வேண்டும். நிரப்ப முடியாதவரின் குழி சில வெறுமையாகும், அடுத்த சுற்றில் அவர் அக்குறையோடே ஆடவேண்டும்.

இவ்விதிகள் ஆட்டத்தை எளிதில் முடியவிடுவதில்லை. தோற்பவர் ஒரே சுற்றில் வெளியேறுவதில்லை, மூன்று குழியோடு தொடங்கி ஏழு குழிக்கு மீள்வதும் உண்டு. ஓட்டப்பந்தயம்போல நொடியில் முடிவு தெரியும் விளையாட்டு அன்று இது. பிற்பகல் முழுவதையும் உண்ணும் விளையாட்டு. இடையில் அடுப்பைப் பார்த்துவிட்டு வரலாம், அழும் குழந்தையை மடியில் இட்டுக்கொண்டும் ஆடலாம். கருவுற்ற பெண்களும் தனித்து அமர்த்தப்பட்ட சிறுமியரும் ஆடிய ஆட்டம் என்பதற்கு இவ்வமைப்பே சான்றாகிறது. பேரப்பிள்ளைக்கு எண்ணும் பழக்கமும் நினைவாற்றலும் கைவரும் என்பது அதனோடு கிடைக்கும் ஆதாயம்.

பல்லாங்குழியில் சீதைப்பாண்டி என்றொரு வகை உண்டு. இதனை ஒருவரே ஆடுவார். அசோகவனத்தில் சிறையிருந்த சீதை தனிமையைப் போக்க ஆடியது என்று மக்கள் வழக்கு காரணம் கூறுகிறது. கம்பனோ வான்மீகியோ கூறாத இச்செய்தியை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் துணையில்லாதவருக்கும் ஓர் ஆட்டம் வேண்டும் என்று எண்ணி, அதற்கு உலகமறிந்த சிறைப்பட்ட பெண்ணொருத்தியின் பெயரையே இட்ட மனம் யாருடையது என்று கேட்டால் விடை கடினமன்று. மகனும் மருமகளும் வேறு நாட்டில் சிக்கிக்கொள்ள, ஊரில் தனியே ஊரடங்கைக் கழித்த முதியோர்க்கு இந்த ஆட்டம் பொருந்தியது போல் வேறெதுவும் பொருந்தியிராது.

தாயம் வேறு இயல்புடையது. பக்கங்களில் ஒன்று, இரண்டு, மூன்று எனப் புள்ளிகளும் ஒரு பக்கம் வெறுமையுமாக அமைந்த இரண்டு பித்தளைக் கட்டைகள். கட்டை இல்லாத வீட்டில் ஒருபுறம் வெள்ளை தெரியத் தேய்த்த புளியங்கொட்டைகள். கட்டம் சுண்ணக்கட்டியால் தரையில் வரையப்படும். தாயம் என்னும் ஒன்று விழுந்தால்தான் காய் களத்தில் இறங்கும். அதுவரை மற்றவர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். எதிரியின் காயை வெட்டலாம். குறுக்குக் கோடிட்ட கட்டத்தில் நிற்கும் காயை வெட்ட இயலாது. பாட்டனின் காயைப் பேரன் வெட்டலாம் என்பதே இவ்விளையாட்டின் உயிர். வயதின் அதிகாரம் ஓங்கியிருக்கும் வீட்டில், ஒரு மணி நேரத்துக்கேனும் கட்டை சொல்வதே சட்டம். நெருக்கத்தில் எழும் பூசல்கள் வெடிக்காமல் வெட்டும் சிரிப்புமாகக் கழிந்ததற்கு இது உதவிற்று எனலாம். பூசலையே கிளப்பி, கட்டையைப் பரணில் மீண்டும் ஏற்றவைத்த வீடுகளும் உண்டு.

பரமபதம் வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காக ஆடப்படுவது. பாம்பும் ஏணியும் வரைந்த படத்தில் உருட்டி ஏறுவது. உறங்காமல் ஓரிடத்தில் இருந்தாக வேண்டிய இரவுக்கென்றே அமைந்த ஆட்டம், வெளியேறாமல் ஓரிடத்தில் இருந்தாக வேண்டிய பகலுக்கும் பொருந்தியது. மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் கொண்ட ஆடுபுலி ஆட்டம் மட்டும் சற்று விலகி நிற்கிறது. கோயில் மண்டபத் தரைகளிலும் பாறைகளிலும் அதன் கோடுகள் செதுக்கப்பட்டிருப்பதைப் பல ஊர்களில் காணலாம். அது ஆண்கள் கூடிய பொதுவெளியின் ஆட்டமாக நெடுங்காலம் இருந்தது. 2020இல் அதுவும் வீட்டுத் தரைக்கு வந்தது. ஊரின் ஆட்டம் வீட்டுக்குள் புகுந்ததற்கு இது ஒன்றே தெளிவான எடுத்துக்காட்டு. மற்றவை வீட்டிலேயே இருந்தவை.

தொலைக்காட்சியும் கைப்பேசியும் இவற்றைவிட மிகுதியான நேரத்தை எடுத்துக்கொண்டன என்பதை மறைக்க வேண்டியதில்லை. மார்ச் 28 முதல் தூர்தர்ஷன் பழைய இராமாயணத் தொடரை மறு ஒளிபரப்புச் செய்தது. எனினும் திரையின்முன் அமர்ந்தோர் ஒரே திசையை நோக்குகின்றனர். தாயக்கட்டத்தைச் சுற்றி அமர்ந்தோர் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்குகின்றனர். உவகை மெய்ப்பாடாக, அதாவது உடலில் வெளிப்பட்டுப் பிறர்க்குப் புலப்படும் உணர்வாக நிகழ்வதற்கு இரண்டாவது வேண்டும்.

வாசலும் மாடியும்

வீட்டுக்கும் ஊருக்கும் இடையே இரண்டு எல்லைகள் திறந்திருந்தன. ஒன்று வாசல். மஞ்சள் நீர் தெளித்து வேப்பிலை செருகுவது மார்ச் மாதத்திலேயே பரவியது. அம்மை கண்ட வீட்டின் வழக்கத்தைப் புதிய நோய்க்கும் மக்கள் பொருத்திக்கொண்டனர். மருத்துவ நோக்கில் இதன் பயன் என்ன என்பது வேறு வினா. நோய்க்கு எதிராகத் தன் கையால் ஒன்றைச் செய்கிறோம் என்னும் நிறைவை அது தந்தது. கோலமும் அவ்வாறே. வைரசின் முள்ளுருண்டை வடிவத்தையும் முகக்கவசத்தையும் கோலத்தில் வரைந்து விழிப்புணர்வு வாசகம் எழுதியவர்கள் உண்டு. ஊரோடு பேச வேறு வழியற்ற நாளில் அண்டை வீட்டாருக்கு நலமாக இருக்கிறோம் எனச் சொல்லும் அடையாளமாகவும் காலைக் கோலம் இருந்தது.

மற்றொன்று மொட்டை மாடி. சித்திரை வெயிலில் வடகமும் வற்றலும் காய்ந்தன. மாலையில் நடைப்பயிற்சி, சிறுவர்களின் பட்டம், மாடிக்கு மாடி உரையாடல் என அது ஊரின் தெருவாயிற்று. ஏப்ரல் 5 இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் மின்விளக்கை அணைத்து அகல் ஏற்றியதும் பலர்க்கு மாடியில்தான். ஆயின் மாடி என்பது வீட்டின் மாடியை உடையவர்க்கே உரியது. அடுக்ககத்தில் பூட்டப்பட்ட மாடியும், வாடகைக் குடியிருப்பில் வீட்டுக்காரர் மட்டும் ஏறும் மாடியும் இக்கணக்கில் சேரா.

பள்ளியற்ற வீடு

குழந்தைகளின் நிலையைத் தனியே கூறவேண்டும். 2020 மார்ச்சில் மூடப்பட்ட தமிழகப் பள்ளிகள் 10, 12ஆம் வகுப்புகளுக்கு 2021 ஜனவரி 19இல் திறந்தன. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ளோர்க்கு 2021 நவம்பர் 1இல்தான் திறந்தன. ஆறு வயதுக் குழந்தைக்கு இது வாழ்நாளின் நான்கில் ஒரு பங்கு. கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது. அலைபேசி உள்ள வீட்டுக் குழந்தை திரையில் வகுப்பைக் கண்டது. ஒரே அலைபேசியை இரு குழந்தைகளும் வேலைக்குச் செல்லும் தந்தையும் பகிர்ந்த வீடுகளில் பாடம் இரவுக்கு ஒதுங்கியது. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது தன்னார்வலர்கள் ஆடலும் பாடலும் கதையுமாகக் கற்பித்தலைத் தொடங்கியது குறிப்பிடத்தக்கது. புலனுக்கும் விளையாட்டுக்கும் இடையே வேலியிட்டுப் பழகிய பள்ளிமுறை, இரண்டும் உவகையின் நிலைக்களன்களே என்பதைச் சற்றே ஒப்புக்கொண்டது போலும்.

உவகையைச் சமைத்தோர்

இதுவரை கூறியவற்றில் வீட்டார் என்னும் சொல் பலமுறை வந்தது. அச்சொல் ஒரு வேறுபாட்டை மறைக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா இல்லப்பணியில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்ட சராசரி நேரம் 299 நிமிடம். அப்பணியில் ஈடுபடும் ஆண் செலவிட்டது 97 நிமிடம். ஈடுபட்டோரின் பங்கே பெண்களுள் 81.2 விழுக்காடு, ஆண்களுள் 26.1 விழுக்காடு. இது பெருந்தொற்றுக்கு முந்திய இந்தியாவின் கணக்கு.

இதன்மேல் ஊரடங்கு ஏற்றியதை எண்ணிப் பார்க்கலாம். மதிய உணவை அலுவலகத்திலும் சத்துணவுக் கூடத்திலும் உண்டவர்கள் மூன்று வேளையும் வீட்டில் உண்டனர். வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் வர இயலவில்லை. கடைகள் ஏப்ரல் 5 முதல் பிற்பகல் ஒரு மணி வரை மட்டுமே திறந்திருந்தன. வாங்கிவந்த காய்கறியை மஞ்சளும் உப்பும் கலந்த நீரில் கழுவுவது புதிய வேலையாயிற்று. கபசுரக் குடிநீர் காய்ச்சுவது மற்றொன்று. பிற்பகலில் சலிப்பு எனப் பிள்ளைகள் கேட்ட பலகாரம் இன்னொன்று. சமூக ஊடகங்களில் நுரை பொங்கிய டல்கோனா காப்பியின் படங்கள் நிரம்பின. அக்கிண்ணங்களைக் கழுவியவர் படத்தில் இல்லை. குடும்பத்தின் பல்லாங்குழிப் பிற்பகல் சாத்தியமாக வேண்டுமானால் அதற்கு முன்னும் பின்னும் ஒருவர் அடுப்படியில் இருந்தாக வேண்டும். அந்த ஆட்டத்தைக் கற்றுத்தந்தவரும் பல வீடுகளில் அவரே.

மத்திய நலவாழ்வு அமைச்சகத்தின் மனநல அறிவுரையில், வீட்டு வேலைகள் சிலவற்றைச் செய்ய உதவுங்கள் என்னும் கருத்து இடம்பெற்றது. நன்னோக்கம் கொண்ட வாசகமே. ஆனால் உதவுதல் என்னும் சொல் யாரை நோக்கிப் பேசுகிறது? வேலைக்கு உரியவர் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், படிப்பவர் அவரல்லர் என்பதை அது முன்முடிவாகக் கொண்டுள்ளது. மகிழ்ச்சியாக இருங்கள் என்னும் அறிவுரையின் முன்னிலை, ஓய்வு உள்ளவராகவே எண்ணப்பட்டார்.

மாற்றங்கள் நிகழாமலில்லை. வீட்டிலிருந்து பணிபுரிந்த கணவன்மார் சிலர் காய் நறுக்கவும் பாத்திரம் துலக்கவும் கற்றனர். முடிதிருத்தகங்கள் மூடியிருந்தமையால் மனைவி கத்தரியெடுத்துக் கணவனுக்கு முடிவெட்டியது பல வீடுகளில் நகைச்சுவை நிகழ்வாயிற்று. உவகையோடு நகையும் சேர்ந்த இத்தகைய காட்சிகள் வீட்டுநினைவில் இன்றும் சொல்லப்படுகின்றன. பழக்கம் எவ்வளவு காலம் நீடித்தது என்பது வீட்டுக்கு வீடு வேறு.

துன்பம் நீங்காத இல்லங்கள்

தொல்காப்பியர் உவகைக்கு முன் வைத்த நிபந்தனை துன்பம் நீங்குதல். அது நீங்காத வீட்டில் விளையாட்டுக் கருவிகள் இருந்தும் பயனில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களுள் 37.1 விழுக்காடு ஒரே அறையில் வாழ்ந்தன. தனக்கென ஓர் அறையும் இல்லாதவை 3.9 விழுக்காடு. ஆறு பேர் வாழும் ஓரறையில் சமையல், உறக்கம், திரைவழி வகுப்பு, நோயாளியைத் தனிமைப்படுத்துதல் அனைத்தும் நிகழ வேண்டியிருந்தது. அங்கே தாயக்கட்டம் வரைவதற்குரிய தரையே பகலில் இல்லை. அத்தகைய தெருக்களில் மக்கள் மாலையில் வாசற்படியில் அமர்ந்ததைக் காவலர் விதிமீறலாகக் கண்டனர். அவர்கள் அமர்ந்தது வீட்டின் மற்றோர் அறையில்.

மதுக்கடைகள் மார்ச் 24 முதல் மே 7 வரை மூடியிருந்தன. அவ்வாரங்களில் அமைதி கண்ட வீடுகள் உண்டு. கடைகளை மீண்டும் திறந்தபோது பெண்கள் பல ஊர்களில் எதிர்த்துப் போராடியது அதனாலேயே. மறுபுறம், வன்முறைக்கு ஆளான பெண் அதே வீட்டில் அதே ஆணோடு பூட்டப்பட்டாள். தாய்வீட்டுக்குப் போகும் பேருந்து இல்லை. தொலைபேசியில் பேசினால் குரல் கேட்கும். அழைத்துப் பேச இயலாதவர் எழுத்தில் முறையிடுவதற்காகத் தேசிய மகளிர் ஆணையம் 2020 ஏப்ரலில் வாட்ஸ்ஆப் எண் ஒன்றை அறிவித்தது. பொருளிலும் இற்செறிப்புக்கு ஊரடங்கு மிக அருகில் வந்தது இவ்வீடுகளில்தான்.

சேகரிக்க வேண்டியவை

ஊரடங்கில் பல இல்லங்களில் பாட்டிமார் ஆட்டவிதிகளைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். பிள்ளைகள் அவற்றைக் கைப்பேசியில் படம்பிடித்து உறவுக் குழுக்களில் பகிர்ந்தனர். பசுவை எடுக்கும் முறை, குழிக்கு இடும் முத்தின் எண்ணிக்கை, தாயத்தில் மீண்டும் உருட்டும் உரிமை தரும் எண்கள், பாண்டி வகைகளின் பெயர்கள் ஆகியவை ஊருக்கு ஊர் வேறுபடுகின்றன. ஒரே மாவட்டத்தில் இரு வேறு முறைகள் நிலவுவதும் உண்டு. நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர் களத்துக்குச் சென்றும் எளிதில் பெற இயலாத இத்தரவு, குடும்பங்களின் கைப்பேசிகளில் சிதறிக் கிடக்கிறது. சொன்னவர்களுள் பலர் அடுத்த ஆண்டின் இரண்டாம் அலையைக் கடக்கவில்லை. பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகள் மாணவர் வழியாக இப்பதிவுகளைத் திரட்டலாம். ஒவ்வொரு பதிவோடும் ஆடியவர் யார், கற்பித்தவர் யார், எந்த வேளையில் ஆடப்பட்டது, அவ்வேளையில் சமையலறையில் இருந்தவர் யார் என்னும் நான்கு குறிப்புகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுதல் வேண்டும்.